போர்க்காலத்தில் வாட்ஸ்அப் குழுச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: பெரம்பூர்வாசி

என் தம்பி தோஹாவில் வேலை செய்கிறான். 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் அமெரிக்கப் படைகள் இருக்கும் அல் உதெய்த் விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசிய இரவில், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தினர் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கத்தாரின் வான்வெளி மூடப்பட்டுவிட்டது என்ற உண்மையும், தோஹா நகரத்துக்குள் குண்டு விழுந்துவிட்டது என்ற பொய்யும் அதே குழுவில், சில நிமிட இடைவெளியில் வந்தன.

குழுவில் எழுதுபவர்கள் எல்லோரும் நமக்குத் தெரிந்த மனிதர்கள், தொலைக்காட்சியில் கத்துபவன் யாரென்றே தெரியாது என்பது அப்பாவின் வாதம். அதற்கு முந்தைய மாதம்தான், இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, நம் செய்தித் தொலைக்காட்சிகள் சில, கராச்சித் துறைமுகத்தைத் தங்கள் செய்தியிலேயே ஒரே இரவில் அழித்து முடித்திருந்தன என்பதால், அவருக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. குழுவிலிருந்து விலகிவிடலாம் என்றால், தம்பி நலமாக இருக்கிறான் என்ற தகவலே அவனுடன் அறையில் தங்கியிருக்கும் நண்பர் வழியாக அங்கேதான் முதலில் வந்தது. மறுபடியும் அப்படி ஓர் இரவு வந்தால் எதை நம்பி, எதை ஒதுக்கி முடிவெடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. சொல்பவரை நமக்குத் தெரியும் என்பது, அவர் தம் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது மட்டுமே செய்தியின் மதிப்பைக் கூட்டும். அந்த அறை நண்பர் உங்கள் தம்பி தம் பக்கத்தில் இருப்பதாக எழுதியபோது அவர் நேரடிச் சாட்சி. விமானத் தளம் தரைமட்டமாகிவிட்டது என்று அவரே அடுத்த நிமிடம் எழுதினால், அந்த விஷயத்தில் அவரும் உங்களையும் என்னையும் போல வேறெங்கோ படித்ததைச் சொல்பவர்தான். மனிதர் நல்லவர் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதுதான் இந்தக் குழுக்களில் நடக்கும் பெரிய கோளாறு.

நாளிதழில் இரவுப் பணியில் இருந்த காலத்தில் வருகிற ஒவ்வொரு செய்தியிடமும், யார் பார்த்தது, எந்த இடத்தில் நின்று பார்த்தது, எப்போது பார்த்தது என்று கேட்போம். ‘எப்போது’ என்பதைக் குழுக்களில் யாருமே கேட்பதில்லை. கத்தார் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது; ‘இரவு எட்டு மணிக்கு’ என்று ஒரு ஃபார்வர்டு வந்தால் அது தோஹாவின் எட்டு மணியா சென்னையின் எட்டு மணியா என்பது தெரியாமல், நடந்து முடிந்த ஒன்றை இனிமேல் நடக்கப்போவதாக நினைத்துப் பதறியவர்கள் உண்டு. இன்னொன்று, வானத்தில் கேட்ட சத்தம் உண்மையாக இருக்கும். அந்தச் சத்தத்துக்குச் சொல்லப்படும் காரணம் பொய்யாக இருக்கும். ஏவுகணையை நடுவானில் மறித்து வெடிக்கச் செய்தாலும் ஊருக்குள் சத்தம் கேட்கும் என்பதால், சத்தத்தைக் கேட்டவர் குண்டு விழுந்ததற்குச் சாட்சியாகிவிட மாட்டார்.

2025 மே மாதத்தில் நடந்தது இதைவிட மோசம். கணினி விளையாட்டுக் காட்சிகளும், 2020-இல் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்தின் பழைய காணொளியும் புதிய தாக்குதல்களாகச் சுற்றின. ஏடிஎம்கள் சில நாட்களுக்கு மூடப்படும் என்ற செய்தியை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே மறுக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சி சமூக ஊடகத்திலிருந்து எடுத்தது, குழுக்கள் தொலைக்காட்சியிலிருந்து எடுத்தன, பிறகு இரண்டு இடத்திலும் வந்திருக்கிறதே என்று மக்கள் நம்பினார்கள். ஒரே ஊற்றிலிருந்து வந்ததை இரண்டு சாட்சிகளாக எண்ணக்கூடாது. பயணத்தை நிறுத்துவது, பணம் அனுப்புவது போன்ற முடிவுகளை மட்டும் தூதரகமோ அரசோ அறிவிக்கும்வரை தள்ளிப்போடுங்கள் என்பதே என் ஆலோசனை.

பதில்: கிளிநொச்சிக்காரர்

மேலே எழுதிய ஐயாவின் கருத்துகளில் கடைசி வரியைத் தவிர மற்றவற்றோடு உடன்படுகிறேன். நான் ஈழத்திலிருந்து வந்து வளசரவாக்கத்தில் வசிப்பவன். 2008 செப்டம்பரில் ஐ.நா. அமைப்புகள், இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியைவிட்டு வெளியேற்றப்பட்டன. சுயாதீனச் செய்தியாளர்களைப் போர்முனைக்கு அரசு அனுமதிக்கவில்லை. பொதுமக்களுக்குச் சேதமே இல்லாமல் நடவடிக்கை நடக்கிறது என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. இறுதிக் கட்டப் போரில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல்தான் எழுதியது. உள்ளே இருந்த அரசு மருத்துவர்கள் சிலர் தொலைபேசி வழியாக வெளியுலகுக்குச் சொன்ன எண்ணிக்கைகளே அப்போது எங்களுக்குக் கிடைத்த ஓரளவு நம்பகமான தகவல். போர் முடிந்ததும் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டு, 2009 ஜூலையில் செய்தியாளர் முன்னிலையில், தாம் முன்பு சொன்னவை மிகைப்படுத்தப்பட்டவை என்று காவலில் இருந்தபடியே சொன்னார்கள். அரசு அறிவிப்புக்காகக் காத்திருந்தவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய செய்தி அதுதான்.

இதனால் எங்கள் பக்கச் செய்திகள் எல்லாம் சரியாக இருந்தன என்று நான் சொல்ல வரவில்லை. பெரும் எதிர்த்தாக்குதல் ஒன்று வரப்போகிறது என்று கடைசி வாரம்வரை நம்பிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்; அந்த நம்பிக்கையை ஊட்டியதும் செய்தி என்ற பெயரில் வந்த குறுஞ்செய்திகள்தான்.

போரில் ஈடுபடும் தரப்பு தனக்குச் சாதகமாகச் சொல்வதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை. தனக்குப் பாதகமாக ஒப்புக்கொள்வதற்குத்தான் எடை அதிகம். அல் உதெய்த் தாக்குதலையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த 14 ஏவுகணைகளில் 13 வீழ்த்தப்பட்டன, மீதி ஒன்று ஆபத்தில்லாத திசையில் போனதால் விடப்பட்டது என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். தளத்தில் இருந்த ஒரு குவிமாடம் சேதமடைந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டிய பிறகு, ஓர் ஏவுகணை தாக்கியது உண்மைதான் என்று பென்டகன் ஜூலையில் ஒப்புக்கொண்டது. அந்த மே மாத மோதலில் இந்தியா போர் விமானங்களை இழந்தது என்பதை, எண்ணிக்கையைச் சொல்லாமல், முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்று சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டதும் இப்படித்தான். இரண்டுமே சண்டை ஓய்ந்து பல நாட்கள் கழித்து வந்தவை. ஆகவே தாக்குதல் நடக்கும் இரவில் சேதம் எவ்வளவு என்ற கேள்விக்கு எந்தப் பக்கத்திலும் விடை கிடைக்காது. அந்தக் கேள்வியை அன்றிரவு கேட்காமல் இருந்துவிடலாம்.

பதில்: ஓ.எம்.ஆர். நிரலாளர்

தொழில்நுட்பம் பற்றிச் சில. ஒரு செய்தி பலமுறை அனுப்பப்பட்டிருந்தால் வாட்ஸ்அப் அதன் மேல் இரட்டை அம்புக்குறி போட்டுக் காட்டும். அத்தகைய செய்தியை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். இந்தக் கட்டுப்பாடுகளின் தொடக்கம் 2018-இல் இந்தியாவில் ஃபார்வர்டு எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் நாடு முழுவதும் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட ஆண்டு அது; திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன சென்னை மூதாட்டி ஒருவரும் அப்படித்தான் இறந்தார். ஆனால் எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ அந்த அம்புக்குறி மறைந்துவிடும். உங்களுக்குத் தெரிந்தவர் தாமே எழுதியதைப் போலவே அது வந்து நிற்கும். எனவே அம்புக்குறி இருந்தால் சந்தேகப்படலாமே தவிர, இல்லாததால் நம்பிவிடக் கூடாது.

டெலிகிராமுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். உக்ரைனில் வான்தாக்குதல் எச்சரிக்கைகளுக்கு அதன் சேனல்கள் பெரிதும் பயன்பட்டன. சேனலை நடத்துபவர் யார் என்று தெரியாமலேயே இலட்சக்கணக்கானவர்கள் படிக்கலாம் என்பதும் அதே செயலியின் இயல்புதான். 2024 செப்டம்பரில் உக்ரைன் அரசு தன் அதிகாரிகளின் பணிக் கருவிகளில் டெலிகிராமுக்குத் தடை விதித்தது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. ‘அங்கே என்ன நடக்கிறது, வீடியோ எடுத்து அனுப்பு’ என்று தம்பியைக் குழுவில் யாரும் வற்புறுத்த வேண்டாம். தாக்குதல் நடந்த இடத்தின் காணொளி எதிரிக்குக் குறியைச் சரிசெய்ய உதவும். படைகள், ஆயுதங்களின் நகர்வையும் இருப்பிடத்தையும் அனுமதியின்றிப் பரப்புவதை உக்ரைன் 2022 மார்ச்சிலேயே குற்றமாக்கியது. கத்தாரிலும் 2020-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின்படி பொய்ச் செய்தி பரப்புவது சிறைக்குரிய குற்றம். நாம் பெரம்பூரில் உட்கார்ந்து கேட்கும் காணொளிக்கு அவர் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரம்பூர்வாசி

அனைவருக்கும் நன்றி. காணொளி பற்றிய எச்சரிக்கையை நான் நினைத்தே பார்க்கவில்லை. இன்றே தம்பியிடமும் குழுவின் அட்மினிடமும் பேசிவிட்டேன். அட்மின் ஒப்புக்கொண்டதால் குழுவை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒன்றில் அங்கே இருப்பவர்கள் தங்கள் நிலையை மட்டும் எழுதுவார்கள்; மற்றொன்றில் யாரும் எதையும் பேசலாம். ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அப்பாவுக்குக் கண் பார்வை குறைவு என்பதால் வாய்ஸ் நோட்டுகளைத்தான் கேட்பார். அவற்றை யார் பேசுகிறார்கள் என்றே தெரிவதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்

முதல் குழுவில் வாய்ஸ் நோட்டை அனுமதியுங்கள். பேசுபவர் தம் பெயர், இருக்கும் இடம், அந்த ஊரின் நேரம் மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். பெயர் சொல்லாத குரலை அட்மின் உடனே நீக்கிவிடட்டும். அப்பாவின் கைபேசியில் இரண்டாவது குழுவை மியூட் செய்துவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் அல்ல, சொல்லிவிட்டே செய்யுங்கள்.