புதுப்பிப்பு: விபத்தில் உதவிய என் மனைவியைக் காவல் நிலையத்திற்கு அழைத்தது குறித்து

நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்த இருவருக்கு அருகில் 108 ஆம்புலன்ஸ் வரும்வரை அமர்ந்து, ஒருவரின் தொடையிலிருந்து பீறிட்ட இரத்தத்தைத் தன் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்திருந்த என் மனைவியை, மறுநாள் முதல் காவல் நிலையத்திற்கு வரச்சொல்லி ஓயாமல் அழைக்கிறார்கள், என்ன செய்வது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவைச் சுட்டிக்காட்டிய ஆலோசனையே பலன் தந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இப்பிரிவும், 2020இல் வெளியான விதிகளும், உதவியவரைப் பெயர், முகவரி கூறுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன. அவர் தாமாக விரும்பிச் சாட்சியாக முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும் விசாரிக்க வேண்டும். இதை எழுத்தில் அனுப்பிய பிறகு அழைப்புகள் நின்றன.

எதிர்பாராதது இதுதான்: விலகிக்கொள்ளலாம் என்று தெரிந்த பின்னும், மோதிய வாகனத்தைத் தான் பார்த்திருப்பதால் சாட்சி சொல்வேன் என்று அவளே முடிவு செய்தாள். நான் தயங்கினேன், அவள் தயங்கவில்லை. சீருடையணியாத அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டிற்கே வந்து, ஒரே அமர்வில் வாக்குமூலத்தைப் பதிவு செய்துகொண்டார்.

காயமடைந்த இருவரும் பிழைத்துவிட்டார்கள். அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைத்தது.