பண்பாட்டிடைத் திறனா, தேர்ச்சியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வேற்றுப் பண்பாட்டினரின் சொல்லையும் செயலையும் அவர்களுடைய சூழலில் வைத்துப் புரிந்துகொண்டு, தம்மையும் அவர்களுக்குப் புரியவைக்கும் தன்மையை ஆங்கிலத்தில் intercultural competence என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இவ்விழையில் ‘பல்பண்பாட்டுத் திறன்’, ‘குறுக்குப் பண்பாட்டுத் திறன்’, ‘ஊடுபண்பாட்டுத் திறன்’, ‘பண்பாட்டுப் பக்குவம்’ என நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்வழி வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் நான் ஒரு விடைத்தாளிலிருந்து தொடங்குகிறேன்.

“எனக்குப் பேச ஓர் அவசரம் தாருங்கள்” என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, நமக்கு அது விரைவு, தெலுங்கிலோ தேவை. சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவதுதான் என் வழக்கம். அன்று மூன்று பொருளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வீட்டில் எந்தச் சொல், பேருந்து நடத்துநரிடம் எந்தச் சொல், பொள்ளாச்சி உறவினரிடம் எந்தச் சொல் என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். எதிரில் இருப்பவர் எந்தப் பொருளில் கேட்பார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் அந்தப் பழக்கத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

ஆகவே ‘பல்’ போதாது. பல பண்பாடுகள் அருகருகே இருப்பதை அது எண்ணிக் காட்டுகிறது. அவற்றுக்கிடையே நடப்பதைச் சொல்வதில்லை. ‘குறுக்கு’ தமிழில் எதற்கு நிற்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ‘ஊடு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஊடல் நினைவுக்கு வந்தாலும் கேடில்லை, பழகும் இடத்தில் ஊடலும் உண்டு. ஆனால் இங்கே தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் ‘ஊடு’ என்றால் ஊடுபயிர்தான் நினைவுக்கு வரும், ஊடுபயிரோ முதன்மைப் பயிரின் நிழலில் வளரும் இரண்டாம் பயிர். ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய மன்றம் (Council of Europe) 2008இல் பண்பாடுகளுக்கிடையிலான உரையாடல் குறித்து வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் தலைப்பிலேயே சம மதிப்போடு சேர்ந்து வாழ்தல் என்ற கருத்து இருக்கிறது. எனவே, சிறுபான்மை மொழியில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் பேசப்போகும் ஒரு சொல்லில் இந்த மேல்கீழ் நுழைய வேண்டாம் என்பது என் கருத்து. ‘இடை’ என்பதை முன்னால் வைத்தால் இடைக்காலம் போல நடுவில் நிற்கும் வேறொரு பண்பாடு என்றாகிவிடும். பின்னால் வைத்து ‘பண்பாட்டிடை’ என்றால் பொருள் நேராக வருகிறது.

அடுத்து, ‘திறன்’. மொழிக்கல்வி அறிஞர் மைக்கேல் பைரம் 1997இல் இத்தன்மைக்கு வகுத்த மாதிரியில் மனப்பாங்கு, அறிவு, பொருள்கொண்டு தொடர்புபடுத்தும் திறன், கண்டறிந்து ஊடாடும் திறன், பண்பாட்டைக் குறித்த திறனாய்வு விழிப்பு என ஐந்து கூறுகள் உள்ளன. கூறுகளில் இரண்டுக்கு நாம் கொடுக்கும் பெயரையே முழுமைக்கும் கொடுத்தால், பாடத்திட்டம் மொழிபெயர்ப்பவர் மூன்றாம் வரியிலேயே சிக்கிக்கொள்வார். ‘பக்குவம்’ அழகான சொல். பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பை ஆய்ந்த மில்டன் பென்னட் 1986இல், பண்பாட்டு வேறுபாட்டை மறுப்பதில் தொடங்கி ஒருங்கிணைவு வரை ஆறு படிகளாகக் காட்டிய வளர்ச்சிக்குக்கூட அது பொருந்தும். ஆனால் பக்குவம் தானாக வரும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருப்பதால், கற்பித்து வளர்க்கலாம் என்னும் கருத்து அதில் மறைந்துவிடுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடத்திட்டங்களில் competence என்பதற்கு ஈடாக நெடுநாளாக வழங்குவது ‘தேர்ச்சி’. தேர்வில் வெற்றி என்ற பொருளோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘மொழித் தேர்ச்சி’, ‘இசையில் தேர்ச்சி’ என்னும்போது நாம் யாரும் மதிப்பெண்ணை நினைப்பதில்லை. மேலும், ‘தேர்’ என்பதற்கு ஆராய்ந்தறிதல் என்ற பழம்பொருளும் உண்டு. “தேரான் தெளிவும்” என்ற குறளில் அது அப்படித்தான் நிற்கிறது. அன்று என் வகுப்பு செய்ததும் அதுதான்.

எனவே ‘பண்பாட்டிடைத் தேர்ச்சி’ என்று முன்மொழிகிறேன். இத்துறைக் கல்வியை ‘பண்பாட்டிடைக் கல்வி’ என்றும் உரையாடலை ‘பண்பாட்டிடை உரையாடல்’ என்றும் இதே அச்சில் சொல்லலாம். ‘தேர்ச்சி’க்குப் பதிலாக ‘தகைமை’யை விரும்புவோர், இலங்கையில் அது கல்வித் தகுதியைக் குறிப்பதைக் கருத்தில் கொண்டு மறுமொழி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.