பேனலா, பெட்டியா? 11 அடி ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்

பழங்காநத்தம்:
ஹால் 11-க்கு 16 அடி. சிமெண்ட் பூச்சுச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. ஸ்பீக்கர் 11 அடிச் சுவர்ப் பக்கம்தான் வரும். ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 8 ஓமில் 50 வாட். கேட்பது மதுரை சோமு, மணி ஐயர், சேதுராமன் - பொன்னுசாமி நாகஸ்வரம். கூடவே எண்பதுகளின் இளையராஜா. மேக்னபேன் எல்ஆர்எஸ் பிளஸ் பேனல் (பெட்டியில்லாத தட்டை ஸ்பீக்கர்) வாங்குவதா, 6½ அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான கோன்) போட்ட ஸ்டாண்ட் பெட்டி வாங்குவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

தேக்குமரம்:
பெட்டிதான் தம்பி. பேனலில் இருப்பது ஒரு மெல்லிய பிலிம். அது முன்னால் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் இழுக்கும். தாழ்ந்த ஒலியில் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி என்ற ஒன்று எதற்கு வந்தது? அந்தப் பின்பக்க அலையை அடைக்கத்தானே. எல்ஆர்எஸ் ரகத்துக்குக் கம்பெனி சொல்வதே 50 ஹெர்ட்ஸிலிருந்துதான். ராஜா பாட்டில் பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அடிச்சுரம் போய்விடும், அதன் இரட்டிப்பான 82 மட்டும்தான் காதில் விழும். அதோடு, பேனலுக்குப் பின்னால் 3 அடி காலியாக விட வேண்டும். 16 அடியில் அதைக் கழித்துவிட்டு சோபாவை எங்கே போடுவீர்கள்?

சுருதிப்பெட்டி:
அண்ணே, பேஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் இந்த ஹாலுக்கு அது முதல் பிரச்சினை இல்லை, சுவர்தான் பிரச்சினை. பெட்டி நாலா பக்கமும் ஒலியைக் கொட்டும். 11 அடி அகலத்தில் பூச்சுச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியை ஒட்டியே வந்து சேரும். நாகஸ்வரத்தின் மேல்சுரங்கள் பிசிறடிப்பது இதனால்தான்.

பேனல் '8' வடிவத்தில்தான் முன்னும் பின்னும் ஒலியை வீசும். நேர்க்கோட்டிலிருந்து 60 டிகிரி விலகினால் 6 டெசிபல் குறைந்துவிடும், சரியாகப் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. குறுகிய அறை பேனலுக்கு எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள், விஷயம் நேர்மாறு. அகலம் குறைந்தால் பேனலுக்குப் பாதகமில்லை, ஆழம் குறைந்தால்தான் பாதகம். பேனலுக்குப் பின்னால் 3 அடி விட்டால் பின்பக்க அலை சுவரில் பட்டுத் திரும்பி, 6 அடி கூடுதலாகப் பயணித்து 5 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். காது அதை அறையின் விரிவாக எடுத்துக்கொள்ளும். 1 அடியில் வைத்தால் 2 மில்லிசெகண்டுக்குள் வந்து குரலின் நிறத்தையே கெடுத்துவிடும்.

இன்னொன்று. 11 அடி அகலத்துக்கு அறை 52 ஹெர்ட்ஸில் கும்மென்று முழங்கும். பேஸ் கிடாரின் 'ஏ' தந்தி 55, கிட்டத்தட்ட அதே இடம். பெட்டி அந்த முழக்கத்தைக் கிளப்பிவிடும். நேராகப் பார்த்து நிற்கும் பேனல் பக்கச்சுவரை ஏறக்குறைய தூண்டுவதே இல்லை.

ஓம்கணக்கு:
இரண்டு பேருமே ஆம்பை விட்டுவிட்டீர்கள். பேனல் 4 ஓம். ஓம் குறைந்தால் ஆம்பிலிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கும். ஒலி அளவு 86 டெசிபல் என்று போட்டிருப்பது 2.83 வோல்ட்டுக்கு. 4 ஓமில் அது 2 வாட். ஆக, 1 வாட்டுக்கு 83தான். 100 வாட் கொடுத்தாலும் ஒரு மீட்டரில் 103 டெசிபல், அதற்கு 5 ஆம்பியர் மின்னோட்டம் போக வேண்டும். உங்கள் ஆம்பின் பின்பக்கம் பாருங்கள். '4 ஓம்' என்று எழுதி அதற்குத் தனி வாட் கணக்கு கொடுத்திருந்தால் சரி. '8 ஓம் முதல்' என்று மட்டும் இருந்தால் மே மாதம் 40 டிகிரி வெயிலில், மணி ஐயர் ஸ்வரம் பாடும்போது ஆம்ப் சூடேறி நின்றுவிடும். பேனல் விலையோடு ஆம்ப் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தேக்குமரம்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பராமரிப்பும் இருக்கிறது. பிலிம் மேல் ஒட்டிய கம்பி, வருடக்கணக்கில் வெயில் பட்டால் பசை விட்டுப் பிரியும். சில சுரங்களுக்கு மட்டும் 'ஜ்ர்ர்' என்று அதிரும். மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைக்கவே கூடாது. பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் இரும்புத்தூள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். குவாட் கம்பெனியுடையது மாதிரி எலக்ட்ரோஸ்டாட்டிக் (காந்தமில்லாமல் மின்னழுத்தத்தால் பிலிம் அசையும் ரகம்) என்றால் இன்னும் மோசம். ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும் பிலிம், தூசியை இழுக்கும், பூச்சி நுழைந்தால் பொறி பறக்கும். பெட்டி வூஃபர் போனால் ஊரிலேயே கோன் மாற்றித் தருவார்கள்.

சுருதிப்பெட்டி:
பெட்டியிலும் பார்க்க வேண்டியது உண்டு அண்ணே. வூஃபர் விளிம்பு ஃபோமாக இருந்தால் இந்த வெக்கைக்குப் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பா என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்டியின் பின்பக்கக் காற்றுத்துளைக்குள் பல்லி குடியேறும், நைலான் வலை ஒட்ட வேண்டும்.

தேக்குமரம்:
ஒத்துக்கொள்கிறேன். ஸ்டாண்டையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் காது 36 அங்குல உயரத்தில் இருக்கும், ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) அங்கேதான் வர வேண்டும். 4 அங்குலக் குழாயில் 24 அங்குல உயரத்துக்கு ஸ்டாண்ட் செய்தால் உள்ளே 5 லிட்டர் கொள்ளும், காய்ந்த மணல் 8 கிலோ. சலித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போடுங்கள். ஈரமணல் போட்டால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

சுருதிப்பெட்டி:
பழங்காநத்தம், காசு கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டையில் 4 அடி உயரம், 14½ அங்குல அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி நடக்கட்டும். எதை வாங்கினாலும் முதலில் சோமுவின் பழைய மோனோ பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டுக்கும் நடுவே ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் சிதறினால் ஒரு பக்கம் வயரின் ப்ளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது.

பழங்காநத்தம்:
அட்டை நிறுத்திப் பார்த்தேன். வலப்பக்கம் சரி. இடப்பக்கம் பூஜையறைக் கதவு திறக்கும் இடம், 2 அடி 2 அங்குலம்தான் கிடைக்கிறது. ஆம்பில் '8 ஓம் முதல்' என்றுதான் போட்டிருக்கிறது.

சுருதிப்பெட்டி:
ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 2 அடியுமாக வைத்தால் இரண்டு பேனலும் இரண்டு விதமாக ஒலிக்கும். கதவை மறுபக்கம் திறக்கும்படி மாற்ற முடியாதென்றால் பெட்டியே எடுங்கள். துளையில்லாத, முழுக்க மூடிய பெட்டியாகப் பாருங்கள். பக்கச்சுவரில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தில் ஒலியை உறிஞ்சும் 2 அங்குல ராக்வூல் பலகையைத் துணியால் மூடி மாட்டிவிடுங்கள். அந்த இடம் தெரிய வேண்டுமென்றால், ஒருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். சோபாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ, அங்கே பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.