அப்பாவின் படபடப்பு ஈசிஜியில் சிக்கவே மாட்டேன்கிறது

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு 2022-இல் ஸ்டென்ட் வைத்தார்கள். சித்திரையிலிருந்து விடியற்காலையில் திடீர் படபடப்பும் தலைசுற்றலும் வருகிறது; நெஞ்சுவலி இல்லை. மணிக்கட்டில் நாடி பிடித்தால் வேகமாக நாலு துடிப்பு, ஒன்று விட்டு, மறுபடி தாறுமாறாக ஓடுகிறது. ஆட்டோ பிடித்துப் போவதற்குள் அடங்கிவிடும், ஈசிஜி நார்மல். துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி போட்ட அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு, பொட்டாசியம் சரி. காபியை நிறுத்தியாச்சு. ஸ்டென்ட் அடைக்காமலிருக்க குளோபிடோக்ரெல், துடிப்பைக் கட்டுப்படுத்த மெட்டோப்ரோலால் விடாமல் போடுகிறார்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) என்று பதிவானால்தான் இதயத்தில் ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை தருவேன் என்கிறார் டாக்டர். அதற்குள் ரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்துவிடுமோ என்று ராத்திரி தூக்கமில்லை.

நெஞ்சில் ஒட்டி 7 நாள், 14 நாள் பதிவு செய்யும் மானிட்டர் வேலூர், காட்பாடி பக்கம் எங்கே கிடைக்கும்?