எஞ்சின் மாற்றிய பிக்கப்பில் ஆயில் ஃபில்டரை இடம் மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சனாயா_ஸ்பானர்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்குள் 1யூஇசட் என்ற டொயோட்டா வி8 எஞ்சினை இறக்கினால் ஃபில்டர் எங்கே போய் இடிக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஷார்ஜா சனாயாவில் (தொழிற்பேட்டை) எங்கள் கராஜுக்கு அப்படி ஒரு பிக்கப் ரெக்கவரி லாரியில் வந்தது. வேறு எங்கோ எஞ்சின் ஏற்றி, ஃபில்டரை ஃபெண்டர் (மட்கார்டு) பக்கம் வைத்து, இரண்டு ஹோஸ் இழுத்திருந்தார்கள். பார்க்க வேலை சுத்தம். ஆனால் ஆயில் பிரஷர் இல்லை என்று காட்டும் லைட் அணையவில்லை. சென்சாரை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள், அப்புறம் பம்ப் போச்சு என்று கைவிட்டிருக்கிறார்கள். எங்கள் முதலாளியும் பம்ப்பைக் கழற்று என்றார். அந்த எஞ்சினில் பம்ப் என்றால் டைமிங் பெல்ட்டே இறங்க வேண்டும்.

நான் இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, பையனை செல்ஃப் அடிக்கச் சொல்லி, கைக்கு ஒன்றாக இரண்டு ஹோஸையும் பிடித்தேன். ஒன்று கம்பி மாதிரி விறைத்தது, இன்னொன்று தொளதொளவென்று கிடந்தது. ஹோஸ் இடம் மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஃபில்டர் வாயில் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகளில் ஆயில் நுழைந்து நடு ஓட்டை வழியாக வரணும். நடுவில் தள்ளினால், ஆயில் திரும்பி வடியாமலிருக்க உள்ளே வைத்த ரப்பர் வால்வு அப்படியே அப்பிக்கொண்டு அடைத்துவிடும். மாற்றிப் போட்டதும் லைட் அணைந்தது. அதற்கு முன் அந்த எஞ்சினை எவ்வளவு நேரம் ஓடவிட்டார்கள் என்று யாரும் வாய் திறக்கவில்லை. பேரிங் என்ன கதியோ. வண்டி போன பிறகும் அதே யோசனை.

ஒன்டாரியோ_பனி

எனக்கு வண்டி வாங்கும்போதே இந்த வேலை செய்து வந்தது. பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப், உள்ளே ரொட்டி வேனிலிருந்து எடுத்த கம்மின்ஸ் 4பிடி டீசல் எஞ்சின். முந்தைய ஆள் ஃபில்டரை சேஸிஸில் கட்டி, ஹோஸை சாதா கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார். கோடை முழுக்க ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஜனவரியில், மைனஸ் 25 இருக்கும், காலையில் ஸ்டார்ட் செய்தேன். 15டபிள்யூ-40 ஆயில் அந்தக் குளிரில் தேன் மாதிரி ஆகிவிடும், பிரஷர் எகிறும். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் வண்டிக்கு அடியிலிருந்து பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் பனி மேல் ஒரே கறுப்புக் கோடு. எஞ்சினை உடனே அணைத்ததால் தப்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை, அது தனிக்கதை.

டெக்ஸஸ்_தம்பி

செவி எஸ்10 பிக்கப், உள்ளே 5.3 லிட்டர் எல்எஸ் வி8. ஹெடருக்கும் (எக்ஸாஸ்ட் குழாய்) ஃபில்டருக்கும் நடுவில் விரல் நுழையாது, அதனால் கடையில் கொடுத்து ஃபில்டரை இடம் மாற்றினேன். நல்ல ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ்தான் போட்டார்கள், கசிவே இல்லை. ஆகஸ்டில் ஹைவேயில் போகும்போது டேஷ் பக்கத்திலிருந்து புஸ்ஸ் என்று சத்தம், அப்புறம் ஏசியில் அனல் காற்று. பானெட்டைத் திறந்தால் அந்த ஸ்டீல் பின்னல் அதிர்ந்து அதிர்ந்து ஏசியின் அலுமினியக் குழாயை ரம்பம் போல அறுத்திருக்கிறது, அந்த இடம் வெள்ளியாகப் பளபளத்தது. ஹோஸில் ஒரு கீறல்கூட இல்லை! கிளிப் போடவில்லையா என்று கேட்டால் "நீங்கள் கேட்கவில்லையே" என்றார் கடைக்காரர்.

சிட்னி_350

சனாயா அண்ணே, ஹோஸ் மாறினால் பிரஷர் வராது என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், நம்பி யாராவது எஞ்சினைக் கெடுத்துக்கொள்வார்கள். என்னுடையது டொயோட்டா எஃப்ஜே45 லேண்ட் க்ரூசர், உள்ளே செவி 350 எஞ்சின். அதில் பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்தால் ஆயிலை அதைச் சுற்றி விடுவது) எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கிறது. அதை அப்படியே விட்டு, ஃபில்டர் இருந்த இடத்தில் ஹோஸ் மாட்டும் அடாப்டர் போட்டால், ஹோஸ் மாறியிருந்தாலும் கேஜ் ஜம்மென்று ஏறும், ஆனால் ஆயில் ஃபில்டர் பக்கமே போகாது. நண்பர் ஒருவர் அப்படி ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் ஃபில்டரை நான் அறுத்துப் பார்த்தேன், பேப்பர் புதுசு மாதிரி இருந்தது. ஆயிலோ தார்.

ஒன்டாரியோக்காரரே, கிளாம்ப் மேல் பழி போடுவதற்கு முன் ஹோஸில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா? ஹீட்டர் ஹோஸ் என்றால் எந்தக் கிளாம்ப் போட்டும் பயனில்லை. சரி, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹைட்ராலிக் கடையில் பிரஸ் செய்து வாங்குங்கள், சூடான ஆயிலுக்கான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், உள் விட்டம் அரை அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள், 5/8 இன்னும் நல்லது. ஏஎன் ஃபிட்டிங் (ஹோஸ் முனையில் வரும் ஒரு வகை இணைப்பு) 37 டிகிரி சாய்வு, அதில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது, சீல் ஆவது அந்தச் சாய்வில்தான், மரையில் இல்லை. என்பிடி என்ற குழாய் மரை கூம்பாகப் போகும், அலுமினிய அடாப்டரில் ஓங்கி இறுக்கினால் பிளந்துவிடும், அங்கே டேப்புக்குப் பதில் திரவ சீலண்ட் போடுங்கள், பிய்ந்த டேப் துண்டு ஆயில் பாதைக்குள் போனால் எங்கே போய் அடைக்கும் என்று சொல்ல முடியாது. பழைய கேஸ்கெட் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபில்டர் மரையும் முக்கியம்: 3/4 அங்குலம், 13/16 அங்குலம் இரண்டிலும் அங்குலத்துக்கு 16 மரைதான், பெரிய மரை ஃபில்டரைச் சின்ன மரையில் மாட்டினால் பிடித்தது போலவே இருக்கும், பிரஷர் வந்ததும் பறக்கும். முடிந்தால் ஃபில்டரை வாய் மேலே இருக்கும்படி மாட்டுங்கள், ஆயில் நிரப்பியே ஏற்றலாம். ஹோஸுக்குள் நிற்கும் ஆயிலையும் கணக்கில் சேருங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி டிப்ஸ்டிக் பாருங்கள்.

சனாயா_ஸ்பானர்

சிட்னி அண்ணே, நான் 1யூஇசட் என்றுதான் சொன்னேன், பொதுவாகச் சொல்லவில்லை. அதில் பைபாஸ் ஃபில்டருக்குள்ளேயே இருக்கிறது, பின்பக்கமிருந்து தள்ளினால் அது திறக்காது. 350 கதை வேறு, ஒத்துக்கொள்கிறேன். வாய் மேலே மாட்டச் சொல்கிறீர்கள், ஹைலக்ஸில் ஃபெண்டருக்குள் அதற்கு உயரம் எங்கே? நான் கிடையாகத்தான் மாட்டுவேன், கீழே ஒரு தட்டு வைத்துக் கழற்றுவேன்.

ஒன்டாரியோ_பனி

ஹீட்டர் ஹோஸ்தான். இப்போதுதான் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.