கலைச்சொல் விவாதம்: டூட்டி சைக்கிளுக்குத் தமிழில் என்ன?

பாளையங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

வில்லுப்பாட்டு மெட்டுகளைப் பழைய டிவி கேம் சில்லில் வாசிக்க வைக்கும் கையேட்டு வேலை ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது: டூட்டி சைக்கிள். சதுர அலை தன் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு பங்கு மேல்நிலையில் நிற்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நிண்டெண்டோவின் ஃபாமிகாம், என்இஎஸ் டிவி கேம் பெட்டிகளில் இருக்கும் ரிக்கோ 2ஏ03 சில்லில் ஐந்து சேனல்கள். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு டிபிசிஎம் மாதிரி ஒலி, அதாவது பதிவுசெய்து வைத்த ஒலித் துணுக்கு. இந்தச் சில்லில் ஃபில்டர் வைத்துக் குரலைத் திருத்த வழியில்லை. சதுர அலையின் நிறத்தை மாற்ற இருக்கும் ஒரே பிடி டூட்டி சைக்கிள்தான். வரைவில் அது "கடமைச் சுழற்சி" என்று இருக்கிறது. அதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? "துடிப்பகலம்" என்று மாற்றலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

> "துடிப்பகலம்" என்று மாற்றலாமா?

வேண்டாம் அண்ணாச்சி. அகலம் என்றால் நேர அளவு. 440 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு 2.27 மில்லி வினாடி ஆகிறது. அதில் கால்வாசி 0.57. அதே குரலை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் அலை 4.55, கால்வாசி 1.14. அகலம் இரட்டிப்பாகிவிட்டது, குரலின் நிறமோ மாறவில்லை. நிறத்தைத் தீர்மானிப்பது விகிதம். சொல்லில் விகிதமோ பங்கோ வந்தே ஆக வேண்டும்.

சில்லு உள்ளே செய்வதைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கிறது. ஒவ்வோர் அலையையும் அது எட்டுப் படியாக நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் மேடு அல்லது பள்ளம், இடைப்பட்ட நிலை கிடையாது. எட்டில் 1 படி மேடு என்றால் 12.5 விழுக்காடு, 2 என்றால் 25, 4 என்றால் 50, 6 என்றால் 75. இந்த நான்குதான் உண்டு. ஆகவே "மேட்டுப்பங்கு" என்கிறேன். மீதி தானாகவே பள்ளப்பங்கு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. மேட்டுப்பங்கு 75 என்பது பள்ளப்பங்கு 25, அதாவது 25-இன் தலைகீழ் அலை. தனியாகக் கேட்டால் இரண்டும் காதுக்கு ஒன்றே. "நான்கு நிறம் என்கிறார்கள், மூன்றுதானே கேட்கிறது" என்று தொடக்கக்காரர்கள் குழம்பும் இடம் இது. சொல்லே அதற்கு விடை வைத்திருக்கிறது.

தென்காசியிலிருந்து:

ஒரு தடை சொல்கிறேன். வெல்டிங் மெஷினிலும் டூட்டி சைக்கிள் உண்டு. 200 ஆம்பியரில் 60 விழுக்காடு என்று தகட்டில் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். அங்கே போய் மேட்டுப்பங்கு என்றால் பட்டறைக்காரர் ஒப்புவாரா? ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாக உடைந்தால் அகராதி தொகுப்பவர்களுக்குச் சிக்கல். "ஓட்டப்பங்கு" என்றால் இரண்டுக்கும் பொருந்துமே.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

வெல்டிங் மெஷினுக்கு ஓட்டப்பங்கு அருமையான சொல், அதை அங்கேயே வைத்துக்கொள்வோம். சில்லில் பொருந்தாது. மேட்டில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும் அலை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, நிற்பதில்லை. "ஓட்டப்பங்கு 25" என்றால் சேனல் முக்கால் நேரம் ஊமையாகிறது என்று ஒருவர் எண்ணிவிடுவார். இரண்டும் வேறு பொருள், எனவே இரண்டு சொல். "பங்கு" இரண்டிலும் இருப்பதால் உறவும் அறுபடவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து:

மேட்டுப்பங்குக்கு என் ஆதரவு. அத்தோடு ஒன்று சேர்க்க வேண்டும். 12.5, 25, 50, 75 என்று ஏன் விழுக்காட்டில் எழுதுகிறோம்? எட்டில் ஒன்றுக்கு நம்மிடம் அரைக்கால் இருக்கிறது. பிறகு கால், அரை, முக்கால். சில்லில் உள்ள நான்கும் நம் கணக்கில் ஒற்றைச் சொல்லாகவே கிடக்கின்றன. அரைக்கால் மேடு, கால் மேடு, அரை மேடு, முக்கால் மேடு. இந்தச் சில்லுக்கு மெட்டு எழுதும் மென்பொருளான ஃபாமிடிராக்கரில் இவை முறையே வி00, வி01, வி02, வி03. கையடக்க கேம் பெட்டியான கேம்பாயின் சதுர அலைகளுக்கும் இதே நான்குதான்.

ஒரு மெட்டைச் சில்லுக்கு மாற்றும் குறிப்பில் இது எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்.

முன்பாட்டுக்குக் கால் மேடு. பின்பாட்டுக்கு அரை மேடு. அரை மேட்டில் இரட்டைப்படை மேற்சுரங்கள் இல்லாததால் குரல் உள்ளீடற்று ஒலித்து, முன்பாட்டின் மேல் ஏறாமல் பின்னால் நிற்கும். அரைக்கால் மேடு மெலிந்த, கீச்சென்ற குரல். நாகஸ்வரத் துணுக்கு வரும் இடத்துக்கு அதை வையுங்கள்.

குடத்துக்கு முக்கோண அலை. 200 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி 6 பிரேமுக்குள் (டிவி படம் ஒரு முறை மாறும் நேரம் ஒரு பிரேம்) 90 வரை சறுக்கி இறக்கினால் குடத்தின் வாயில் விழும் அடி கிடைக்கும். முக்கோண அலைக்கு ஒலியளவுக் கட்டுப்பாடு இல்லை, ஒலிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். அதனால் தேய்ந்து மறையும் குடம் வராது, வெட்டித்தான் நிறுத்த வேண்டும். அதே சேனலில் சுருதியும் போகலாம். அடி விழும் 6 பிரேம் மட்டும் சுருதி விலகி உடனே திரும்பினால், இடையில் அறுந்ததைக் காது கண்டுகொள்வதில்லை.

ஜால்ராவுக்கு இரைச்சல், இரண்டு மூன்று பிரேமில் அவிய வேண்டும். வில்லில் கட்டிய மணிகளுக்கு இரைச்சலின் குறுஞ்சுற்று நிலை, உலோகச் சாயல் அதில்தான் உண்டு. இரண்டும் ஒரே சேனல் என்பதால் ஃபாமிடிராக்கரின் ஒரே வரியில் போட முடியாது. ஜால்ராவைத் தாளத்திலும் மணியை அடுத்த வரியிலும் வையுங்கள்.

உடுக்கைதான் கடினம். நாடாவை அழுத்தும்போது குரல் மேலே ஏறும் அந்த விம்மலைச் சதுர அலையில் சறுக்கினால் பொம்மைச் சத்தமாகவே இருக்கும். டிபிசிஎம் மாதிரியாக வைப்பதே சரி. ஒரு மாதிரி அதிகபட்சம் 4081 பைட். உச்ச வேகமான 33.1 கிலோ ஹெர்ட்ஸில் அது ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவு, உடுக்கைக்குத் தாராளம். மாதிரி முடியும்போது அதன் மட்டம் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே நின்றுவிட்டால் முக்கோண அலையும் இரைச்சலும் அமுங்கும், குடம் திடீரென்று மெலிந்துவிடும்.

நம் பக்கத்து வீடுகளில் 90களில் இருந்த டிவி கேம் பெட்டிகளில் வாசிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நகல் சில்லுகள் பலவற்றில் கால் மேடும் அரை மேடும் இடம் மாறியிருக்கும். முன்பாட்டு உள்ளொடுங்கி, பின்பாட்டு முன்னால் வந்து நிற்கும். அரைக்காலும் முக்காலும் மாறுவதில்லை. ஆகவே கால் மேடு வேண்டிய இடத்தில் எல்லாம் முக்கால் மேடு எழுதுங்கள். அசல் சில்லிலும் நகல் சில்லிலும் ஒரே நிறம் வரும். அரை மேட்டுக்குத்தான் மாற்று இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

அரைக்கால் மேடு என்றதும் எனக்கு வேறு கேள்வியே எழவில்லை. மேட்டுப்பங்கு கையேட்டில் ஏறுகிறது, கடமைச் சுழற்சி போகிறது. சிட் சில்லுக்கு மட்டும் ஒரு வரி தனியாக வேண்டும். கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் சிட் சில்லில் மேட்டுப்பங்கு 12 பிட், 4096 நிலை. அங்கே கால், அரை போதாது, எண்ணாகவே எழுதுவோம்.

அந்தப் பக்கத்திலேயே இரண்டு குறிப்புகளையும் சேர்க்கிறேன். வினாடிக்கு 60 பிரேம் ஓடும் 60 ஹெர்ட்ஸுக்கு, ஃபாமிடிராக்கரில் ஸ்பீடு 6, டெம்போ 150 என்று எழுதிய மெட்டு நம்மூர் 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் 125-க்கு இறங்கிவிடும், முதலிலேயே 50-ஐத் தேர்ந்துகொள்ள வேண்டும். மும்மை நடை மெட்டென்றால் பேட்டர்ன் என்னும் மெட்டுத் துண்டுக்கு 64 வரி வேண்டாம், 48.

தென்காசியிலிருந்து:

சரி, தடையை விலக்கிக்கொள்கிறேன். கமகம் பற்றியும் அங்கே எழுதுங்கள். சதுர அலையில் சுரத்தின் உயரத்தைச் சில்லுக்குச் சொல்லும் எண்ணின் மேல் பகுதியை மாற்றி எழுதும்போதெல்லாம் அலை முதல் படியிலிருந்து மறுபடி தொடங்கும், அது "டிக்" என்று கேட்கும். 60 ஹெர்ட்ஸ் சில்லில் இந்த எல்லைகளில் ஒன்று 435 ஹெர்ட்ஸ் அருகில், ஆறு கட்டைச் சுரமான 440-க்குக் கொஞ்சம் கீழே. அந்தச் சுரத்தில் அசைவு கொடுத்தால் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு டிக். மெட்டை அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ எழுதினால் போய்விடும். முக்கோண அலையில் இந்தத் தொல்லை இல்லை.

சங்கரன்கோவிலிலிருந்து:

பதிவுக்கான வாசகம், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

மேட்டுப்பங்கு: ஒரு சதுர அலையின் முழு நீளத்தில் அலை மேட்டில் நிற்கும் பங்கு. 2ஏ03, கேம்பாய் சில்லுகளில் அரைக்கால், கால், அரை, முக்கால். சிட் சில்லில் 0 முதல் 4095 வரை. வெல்டிங், மோட்டார் பொருளுக்கு ஓட்டப்பங்கு காண்க.