பார்சலில் வந்த சிறுவிடை முட்டைகள்

எங்க கோபி பக்கம் கலப்பில்லாத சிறுவிடை, அதான் சின்ன உடம்பு நாட்டுக்கோழி, கிடைக்கிறது இப்போ குதிரைக்கொம்பு. பெரிய உடம்பு பெருவிடையோட கலந்தது, பண்ணைக்கோழியோட கலந்ததுதான் சந்தையில நிக்குது. அதனால சிவகங்கைப் பக்கம் வளர்க்கிற ஒருத்தர்கிட்ட அடைமுட்டை ஒரு டஜன் சொல்லி, ஆம்னி பஸ் பார்சல்ல வரவழைச்சேன். குஞ்சாவே வாங்கியிருக்கலாம்தான். ஆனா அது கூடவே வெள்ளைக்கழிச்சல் நோயைக் கொண்டுவந்தா வீட்டுல இருக்கிறதும் போயிடும். முட்டையில அந்தப் பயம் குறைவு.

அனுப்பினவர் கெட்டிக்காரர். பெயிண்ட் வாளியில நெல் உமி, ஒவ்வொரு முட்டைக்கும் காகிதச் சுற்று, கூர்முனை கீழே. ஒண்ணுல மட்டும்தான் விரிசல். ஆனா ஓட்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. இருட்டு ரூம்ல செல்போன் டார்ச்சை முட்டையோட அகல முனையில வச்சுப் பாருங்க. அங்க இருக்கிற காற்றறை, முட்டையைச் சாய்ச்சாலும் இடம் மாறக்கூடாது. எனக்கு வந்ததுல மூணுல அது தண்ணிமட்டக் குமிழி மாதிரி ஓடுச்சு. பஸ் குலுக்கல்ல உள்சவ்வு விட்டுப்போனா இப்படித்தான் ஆகும்.

"கலங்கிப் போச்சு கண்ணு, ஆம்லெட் போட்டுரு"ன்னாங்க அம்மாயி. நான் கேக்கல. எல்லாத்தையும் ஒரு நாள் முழுக்க அட்டையில கூர்முனை கீழே நிறுத்தி வச்சேன். அப்புறம் நல்ல எட்டையும் அவயக்கோழிக்கு, அதான் அடைக்கு உட்கார்ந்த கோழிக்கு, வச்சுட்டு, ஓடின மூணையும் இன்குபேட்டர்ல 37.5 டிகிரியில போட்டு, முதல் சில நாள் உருட்டாம விட்டேன். கோழி அடிக்கடி உருட்டும், அந்த மூணும் அதைத் தாங்காது. கோழிக் கூடையில இடிக்குப் பயந்து அம்மாயி ஆணியும் கரித்துண்டும் போட்டாங்க. போட்டா போகுது, கெடுதல் ஒண்ணுமில்ல.

ஒரு வாரம் கழிச்சு மறுபடி டார்ச். ரத்த நரம்பு சிலந்தி வலையா பரவியிருந்தா உயிர் இருக்கு. ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா அநேகமா கூமுட்டை, சேவல் சேராதது. சிவப்பா ஒரு வளையம் மட்டும் தெரிஞ்சா, கரு பிடிச்சு வளர ஆரம்பிச்சு நடுவுல செத்தது. அதுக்குப் பயணம், வெயில், பழைய முட்டைன்னு பல காரணம் இருக்கும். விக்கிறவர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த வித்தியாசத்தைப் பாருங்க. எனக்கு ரெண்டிலும் ஒவ்வொண்ணு.

இருபத்தோராவது நாள் கோழிக்கடியில ஆறு குஞ்சு. இன்குபேட்டர்ல ஒண்ணு, அதுவும் மறுநாள். பார்சல் முட்டைக்குப் பாதி தேறினாலே லாபம்னு நினைக்கிறவன் நான், எனக்குத் திருப்திதான்.

ஒரு குஞ்சு மட்டும் கழுத்துல தூவியே இல்லாம வந்துச்சு. கிராப்பு! அந்தக் குணம் தாய் தகப்பன்ல ஒண்ணுக்காவது இல்லாம குஞ்சுக்கு வராது. போன் போட்டேன். சிரிச்சுட்டு, "பக்கத்துத் தோட்டத்துச் சேவல் ஒண்ணு வேலி தாண்டும் தம்பி"ன்னார். ஒரு தடவை சேர்ந்தாலே போதும், பெட்டை அந்த விந்தை ரெண்டு மூணு வாரம் உள்ளே வச்சிருக்கும். அதனால அடுத்த தடவை, பெட்டைகளை அவரோட சேவலோட மட்டும் மூணு வாரம் அடைச்சு வச்ச பிறகு எடுக்கிற முட்டைதான் வேணும்னு சொல்லிட்டேன். சரின்னுட்டார், ஆனா முட்டைக்கு அஞ்சு ரூபா கூடுதலாம்.